உங்கள் டொமைனுக்கு வரும் ஈமெயில் முதலில் யார் கையில் விழுகிறது?

வன்னியில் சிறுதொழில் செய்கிறவர்கள், கடை, ரியூசன் நிலையம், தங்குவிடுதி என்று சொந்த டொமைனில் (ஈமெயிலில் அற் (@) குறிக்குப் பின்னால் வரும் பெயர்) இணையத்தளமும் ஈமெயிலும் வைத்திருக்கிறவர்கள் இதைத் தயவுசெய்து முழுதாக வாசியுங்கோ. எனக்கு நடந்தது உங்களில் சிலருக்கு இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது. எனக்கு அது எப்படித் தெரியும் என்பதையும் சொல்கிறேன்.

நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம். ஏழு பெண்கள் சேர்ந்து மிளகாய்த்தூள், சரக்குத்தூள், மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம், ஒடியல்மா செய்கிறோம். ஊருக்கு விடுமுறையில் வருகிறவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். பிறகு ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் எழுதிக் கேட்பார்கள். எங்கள் வியாபாரத்தில் பாதிக்கு மேல் அப்படி எழுதிக் கேட்கிறவர்களால்தான் ஓடுகிறது. அதனால் ஈமெயில் எங்களுக்கு அலங்காரத்துக்கு இல்லை.

மூன்று வருடத்துக்கு முதல், ஏ9 வீதியோரம் இருக்கிற ஒரு நகரத்தில் இணையத்தளம் செய்து கொடுக்கும் கடையொன்றைப் பிடித்தோம். கடையின் பெயரையும் ஆளின் பெயரையும் எழுதப் போவதில்லை. டொமைன், இணையத்தளம், ஈமெயில் எல்லாம் சேர்த்து முதல் வருடம் 65,000 ரூபா, அதன்பிறகு வருடம் 25,000. லேபலில் அடிக்க என்று ஓடர் என்ற சொல்லோடு ஒரு முகவரி கேட்டேன். கணக்குக்கு ஒன்று, விசாரணைக்கு ஒன்று என்று வேறும் இரண்டு கேட்டேன். கடைக்காரத் தம்பி சிரித்துக்கொண்டு சொன்னார்:

"அக்கா, தனித்தனிப் பெட்டி ஒண்டும் தேவையில்லை. நான் கேட்ச்-ஓல் போட்டு விடுறன். அற் குறிக்கு முன்னால ஆர் என்னத்தை எழுதினாலும் உங்கட ஜிமெயிலுக்கு வந்து விழும்."

இதில் பொய் இல்லை, அப்படி ஒரு வசதி இருக்கிறது. ஒரு டொமைனில் நீங்கள் உருவாக்காத பெயருக்குக் கடிதம் வந்தால், வழமையாக அது "அப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். கேட்ச்-ஓல் போட்டால் திரும்பாது. எழுத்துப் பிழையோடு வந்தாலும், இல்லாத பெயருக்கு வந்தாலும், எல்லாம் ஒரே பெட்டியில் விழும். அந்தப் பெட்டி யாருடையது என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

அன்று பின்னேரம் அவர் போன் எடுத்தார். நான் செத்தல் மிளகாய் வறுத்துக்கொண்டு நின்றேன், கண்ணைத் திறக்க முடியாத புகை. "அக்கா, உங்கட ஜிமெயிலுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதை ஒருக்காச் சொல்லுங்கோ" என்றார். மகள் போனைப் பார்த்து நம்பரை வாசித்தாள். நம்பருக்கு மேலேயும் கீழேயும் என்ன எழுதியிருந்தது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை. அந்தக் கடிதத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், இந்தப் பதிவில் முக்கியமானதே அதுதான்.

இரண்டு வருடம் ஈமெயில் வந்துகொண்டுதான் இருந்தது. எத்தனை வராமல் போனது என்று எனக்குத் தெரிய வழியில்லை. சென்ற வருடம் வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஸ்காபுரோவிலிருந்து வந்த ஓர் அம்மா, விலாசம் விசாரித்து எங்கள் வீட்டுக்கே வந்தா. முன்பு இரண்டு தரம் எங்களிடம் சரக்குத்தூள் எடுத்தவ. வாசலில் நின்றபடியே கேட்டா: "பிள்ளை, மகளுக்குப் பிள்ளைப்பெறு எண்டு மூண்டு தரம் எழுதினனான். இல்லை எண்டாவது ஒரு சொல்லுப் போட மனம் வரேல்லையோ?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவ தன் போனைக் காட்டினா. மூன்று கடிதங்களும் இருந்தன. லேபலில் இருந்த முகவரியில் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்து அடித்திருக்கிறா, அவ்வளவுதான். கேட்ச்-ஓல் இருப்பதே அப்படிப்பட்ட கடிதங்களுக்காகத்தான். ஒன்றுகூட என்னிடம் வரவில்லை. ஒன்றுகூட அவவிடம் திரும்பிப் போகவும் இல்லை. திரும்பிப் போயிருந்தால் முகவரி பிழை என்று விளங்கி போன் எடுத்திருப்பா. கேட்ச்-ஓல் இருந்தபடியால் கடிதம் சேர்ந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளைக்குப் பத்தியக் கறிக்குத் தூள் இல்லாமல் பதிலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறா. அவவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கும்போது என் கை நடுங்கியது.

என் மருமகன் அறிவியல்நகரில் பொறியியல் பீடத்தில் படிக்கிறான். அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னேன். அவன் தன்னுடைய முகவரியிலிருந்து, எங்கள் டொமைனில் இல்லாத ஏதோ ஒரு பெயருக்கு ஒரு சொல் எழுதி அனுப்பினான். அது எனக்கு வந்தது. "வருகுதுதானே" என்று நான் ஆறுதல்பட்டேன். அவன் விடவில்லை. கொம்பியூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, அந்தக் கடிதத்தின் மூலையில் இருந்த மூன்று புள்ளியை அமத்தி, "மூலத்தைக் காட்டு" (ஆங்கிலத்தில் ஷோ ஒறிஜினல்) என்பதைத் தெரிந்தான். கடிதம் எந்த எந்தச் சேர்வர் (ஈமெயிலை வாங்கி அனுப்பும் கொம்பியூட்டர்) வழியாக வந்தது என்று வரிவரியாக விரிந்தது. அதில் "எக்ஸ் ஃபோர்வேடட் ஃபோர்" என்று தொடங்கும் ஒரு வரி. அந்த வரியில் இரண்டு ஜிமெயில் முகவரிகள். ஒன்று என்னுடையது. மற்றது அந்தத் தம்பியுடையது.

"மாமி, உங்களுக்கு வாற கடிதம் எல்லாம் முதல்ல அவற்ற ஜிமெயிலுக்குத்தான் போகுது. அங்க இருந்துதான் உங்களுக்குத் தள்ளிவிடுறார்."

பிறகு என் பெட்டியில் பழையதைத் தேடினான். மிளகாய் வறுத்த நாளில் வந்த கடிதம் அழியாமல் அப்படியே கிடந்தது. ஜிமெயில் அனுப்பிய கடிதம். இன்ன முகவரிக்காரர் தன் கடிதங்களை உங்கள் முகவரிக்குத் தானாக அனுப்ப அனுமதி கேட்கிறார் என்று அதில் தெளிவாக இருந்தது, தம்பியின் முகவரியோடு. ஒருவர் தன் ஜிமெயிலிலிருந்து இன்னொருவருக்குக் கடிதம் தள்ளிவிட வேண்டுமென்றால், பெறுகிறவர் சம்மதிக்க வேண்டும். அதற்கான நம்பரைத்தான் மகள் வாசித்துச் சொன்னாள். எங்கள் வீட்டுக் கடிதத்தை இன்னொருவர் வாங்கி எங்களுக்குத் தருவதற்கு நாங்களே சம்மதித்திருக்கிறோம்.

வவுனியாவில் கொமினிகேசன் கடை வாசலில் வெளிநாட்டு அழைப்புக்காகக் காவல் இருந்த ஆட்கள் நாங்கள். கடைக்காரர் போனை எடுத்து எங்கள் பெயரைக் கூப்பிட்டால்தான் அழைப்பு வந்தது தெரியும். கூப்பிடாவிட்டால் வரவேயில்லை என்றுதான் வீடு திரும்புவோம். அன்றைக்கு வேறு வழியிருக்கவில்லை. இன்றைக்குக் காசு கொடுத்தும் அதே நிலையில் இருந்திருக்கிறேன்.

அந்த மூன்று கடிதமும் எங்கே போயின? மருமகன் விளங்கப்படுத்தியதை எனக்குத் தெரிந்த மாதிரிச் சொல்கிறேன். ஒவ்வொரு டொமைனும் தன் பெயரில் கடிதம் அனுப்ப எந்தச் சேர்வர்களுக்கு உரிமை என்று ஒரு குறிப்பைப் பகிரங்கமாக எழுதி வைக்கும். அதற்கு எஸ்பிஎஃப் என்று பெயர். எங்கள் சேர்வர் இன்னொருவருடைய கடிதத்தை வாங்கி அப்படியே ஜிமெயிலுக்குத் தள்ளும்போது, அந்த உரிமைப் பட்டியலில் எங்கள் சேர்வர் இருக்காது. சோதனையில் தவறும். அதோடு, குப்பைக் கடிதம் அனுப்புகிறவர்கள் சேல்ஸ், அட்மின், மனேஜர் என்று வாய்க்கு வந்த பெயரெல்லாம் போட்டு ஒரு டொமைனை அடித்துப் பார்ப்பார்கள். கேட்ச்-ஓல் அவை அத்தனையையும் வாங்கும். வாங்கியதை எல்லாம் ஜிமெயிலுக்குத் தள்ளினால், எங்கள் சேர்வரே குப்பை அனுப்புவதாக ஜிமெயில் எடுத்துக்கொள்ளும். பிறகு நல்ல கடிதத்தையும் சேர்த்து ஸ்பாம் என்ற குப்பைப் பெட்டியில் போடும். ஸ்பாமில் விழுந்ததை ஜிமெயில் மற்றவருக்குத் தள்ளிவிடாது. 30 நாளில் தானாக அழித்தும் விடும்.

கடைக்குப் போனோம். தம்பி மறுக்கவில்லை. "எல்லாருக்கும் இப்பிடித்தான் அக்கா செய்து குடுக்கிறனான்" என்று தன் ஜிமெயிலைத் திறந்தே காட்டினார். அதில்தான் எனக்கு நெஞ்சு அடைத்தது. எங்கள் பெயரில் ஒரு பிரிவு. அதற்குக் கீழே ஒரு கடை, ஒரு ரியூசன் நிலையம், ஒரு விடுதி என்று வேறு ஆட்களின் பெயர்களில் பிரிவுகள். ஒரு பெட்டிக்குள் இத்தனை பேருடைய கடிதம், அவர்களில் யாருக்கும் தெரியாமல். இதனால்தான் தொடக்கத்தில் உங்களில் சிலருக்கும் நடக்கிறது என்று எழுதினேன். ஸ்பாமைப் பார்த்தபோது அந்த 30 நாளுக்குள் மட்டும் எங்களுக்கு வந்த 11 நல்ல கடிதங்கள் கிடந்தன. அதற்கு முந்திய இரண்டு வருடத்தில் போனது போனதுதான்.

எங்கள் வங்கியின் அறிவித்தல், பேஸ்புக் பக்கத்தின் பாஸ்வேர்ட் மாற்றும் கடிதம், வாடிக்கையாளர்களின் வீட்டு விலாசம் எல்லாம் அவர் பெட்டியில் இருந்தன. அவர் அவற்றைத் தவறாகப் பாவித்தார் என்று நான் சொல்ல மாட்டேன், அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் பாவிக்க நினைத்திருந்தால் ஒரு நிமிட வேலை.

டொமைனை எங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொன்னேன். அப்போதுதான் அது அவர் பெயரில் அவருடைய கணக்கில் பதியப்பட்டிருப்பது தெரிந்தது. டொட் கொம் பெயரொன்றை ஒரு வருடம் புதுப்பிக்கப் பத்துப் பதினைந்து டொலர்தான். அதை இடம் மாற்றுவதற்கான இரகசியக் குறியீட்டைத் தர அவர் 90,000 ரூபா கேட்டார். பதிவு யார் பெயரிலோ, குறியீட்டைக் கேட்கும் உரிமையும் அவருக்குத்தான். பில்லில் டொமைன் எங்களுக்குச் சொந்தம் என்று ஒரு வரி இல்லை.

விட்டுவிட்டுப் புதுப் பெயர் எடுப்போம் என்று எங்கள் பெண்கள் சொன்னார்கள். மருமகன்தான் தடுத்தான். அவர் புதுப்பிக்காமல் விட்டு டொமைன் காலாவதியானால், தவணை கழிந்தபின் யாரும் அதை வாங்கலாம். வாங்குகிறவர் ஒரு கேட்ச்-ஓல் போட்டால் போதும், எங்கள் பழைய வாடிக்கையாளர் எழுதுவதெல்லாம் அவருக்குப் போகும். அந்த முகவரியை வைத்துத் திறந்த கணக்குகளின் பாஸ்வேர்டையும் மாற்றலாம். லேபலில், பழைய பொதிகளில், ஆட்களின் போன்களில் எல்லாம் அந்தப் பெயர்தான் இருக்கிறது. மூன்று தரம் நடந்து பேசி, கடைசியில் 40,000 கொடுத்து எடுத்தேன். அது எங்களுக்கு ஒரு மாத மிளகாய்க் காசு.

இப்போது டொமைன் என் பெயரில், என் கணக்கில், என் போன் நம்பரோடு இருக்கிறது. நான் முதலில் கேட்ட மூன்று முகவரிக்கும் உண்மையான பெட்டிகள் போட்டோம். கேட்ச்-ஓலை நான் ஒரேயடியாக வெறுத்து ஒதுக்கவில்லை. அதைத் தனிப் பெட்டியொன்றுக்கு விட்டு, ஆறு மாதம் ஒவ்வொரு வெள்ளியும் இருந்து பார்த்தேன். ஆட்கள் எங்கள் பெயரை எப்படியெல்லாம் பிழையாக அடிக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. திரும்பத் திரும்ப வந்த நான்கு பிழைகளுக்கு மாற்றுப் பெயர் போட்டு, ஓடர் பெட்டிக்கே விழச் செய்தோம். பிறகு கேட்ச்-ஓலை நிறுத்திவிட்டோம். இனிப் பிழையாக அடித்தால் கடிதம் அவர்களிடமே திரும்பிப் போகும். அது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை.

நீங்கள் இன்றைக்கே பாருங்கோ. வேறொருவரின் முகவரியிலிருந்து உங்கள் டொமைனில் இல்லாத ஒரு பெயருக்கு ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கோ. திரும்பிப் போனால் கேட்ச்-ஓல் இல்லை. உங்களுக்கு வந்தால் மூலத்தைக் காட்டச் செய்து, உங்களுக்குத் தெரியாத முகவரி ஏதும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கோ. திரும்பவும் இல்லை, உங்களுக்கு வரவும் இல்லை என்றால், ஸ்பாமையும் ஒருக்காத் தேடிவிட்டு உடனே கடைக்குப் போங்கோ. அந்தக் கடிதம் யாரோ ஒருவருடைய பெட்டியில் கிடக்கலாம். டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் நிறுவனத்தின் லுக்கப் (தேடல்) பக்கத்தில் டொமைன் பெயரைப் போட்டால், எங்கே பதியப்பட்டிருக்கிறது, எப்போது காலாவதியாகிறது என்பதைக் காட்டும். சொந்தக்காரரின் பெயரைப் பெரும்பாலும் மறைத்திருக்கும். ஆகவே செய்து தந்தவரிடம் பதிவுக் கணக்கைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கோ. யாராவது போனில் நம்பர் கேட்டால், அந்த நம்பர் வந்த கடிதத்தை முதலில் முழுக்க வாசியுங்கோ.

ஸ்காபுரோ அம்மாவுக்குப் போகும்போது இரண்டு கிலோ சரக்குத்தூள் கட்டிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. பேரப்பிள்ளைக்கு அப்போது நாலு மாதம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருடத்துக்குள் எங்களுக்கு எழுதி, பதில் வராமல் மனம் நொந்த வேறு யாரும் இதைக் கண்டால், தயவுசெய்து இன்னொரு தரம் எழுதுங்கோ. உங்கள் கடிதம் எங்கள் கைக்கு வரவில்லை.