சப்பாத்து கேட்டவருக்குச் சப்பாத்தி: தேடல்களை வகைப்படுத்தும் சேவையுடன் மூன்று மாதங்கள்

கொழும்பு வெள்ளவத்தை காலி வீதியில் பலசரக்கும் வீட்டுப் பாவனைப் பொருள்களும் விற்கும் எங்கள் கடையின் இணையத்தளத்தை நானே பராமரிக்கிறேன். தேடற்பெட்டியில் வாடிக்கையாளர் எழுதுவது எந்தப் பிரிவுக்குரியது என்பதைத் தானாகவே தீர்மானித்து, அப்பிரிவின் பொருள்களை முன்னே கொண்டுவரும் சேவை ஒன்றை வைகாசி தொடங்கி மூன்று மாதங்களாகக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்துகிறோம். குறைகளையும் எழுதவேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதல் வாரத்திலேயே எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர் கைத்தொலைபேசியை நீட்டி, "தம்பி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்துத் தேடினா இது சப்பாத்தி மாவைக் காட்டுது, பாருங்கோ" என்றார். காலணியைத்தான் நாங்கள் சப்பாத்து என்போம். சிரித்துவிட்டுப் போகக்கூடிய பிழையல்ல அது. இச்சேவை வேலை செய்யும் விதமே அதில் தெரிகிறது. சொல்லை முழுதாகப் பார்ப்பதோடு, அதைச் சிறு எழுத்துத் துண்டுகளாகவும் உடைத்து ஒப்பிடும் முறையை இது கையாள்கிறது. பேஸ்புக் நிறுவனம் 2016 இல் வெளியிட்ட பாஸ்ட்டெக்ஸ்ட் என்ற மென்பொருள் இம்முறையைப் பரவலாக்கியது. 'அரிசி', 'அரிசிக்கு', 'அரிசியின்' என்று வேற்றுமை உருபுகள் ஒட்டிக்கொண்டே போகும் தமிழுக்கு இது மிகவும் ஏற்றது, எழுத்துப்பிழைகளையும் தாங்கும். ஆனால் சப்பாத்துக்கும் சப்பாத்திக்கும் ஐந்தில் நான்கு எழுத்துகள் பொது. தமிழகத்து எழுத்துகளில் சப்பாத்து அரிதாகவே தென்படும் என்பதால், அங்கிருந்து வந்த தரவில் பயின்ற இயந்திரம் தான் அறிந்த சொல்லின் பக்கம் சாய்ந்துவிட்டது.

இதே காரணத்தால் மாவைத் தேடி 'மா' என்று எழுதியவருக்கு மாம்பழம் வந்தது. வெள்ளைப்பூண்டைக் குறிக்கும் 'உள்ளி' எந்தப் பிரிவிலும் சேராமல் 'ஏனையவை' என்ற பெட்டிக்குள் விழுந்தது. பொங்கலுக்குப் போடும் சர்க்கரையை, அதாவது வெல்லத்தை, கேட்டவருக்கு வெள்ளைச் சீனி காட்டப்பட்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, ஏனெனில் அங்கே இயந்திரம் தயங்கவே இல்லை: அதன் திரையில் நம்பிக்கை அளவு மிக உயர்வாகப் பதிவாகியிருந்தது.

நியாயமாகச் சொன்னால், உள்ளியின் கதை நல்லபடியாகவே முடிந்தது. தேடியவர்கள் பின்னர் எந்தப் பொருளைச் சொடுக்கினார்கள் என்பதையும் இச்சேவை கணக்கில் எடுக்கிறது. உள்ளி என்று எழுதிய பலர், கீழே எங்கோ கிடந்த வெள்ளைப்பூண்டுப் பொதியைத் தேடிப்பிடித்துச் சொடுக்கியதால், சில வாரங்களில் அச்சொல் தன் இடத்துக்குத் தானாகவே வந்துசேர்ந்தது. ஒருவரும் அகராதி எழுதிக் கொடுக்கவில்லை. எனினும், அடிக்கடி கேட்கப்படும் சொல்லுக்கு மட்டுமே இந்த வழி கைகொடுக்கும். மாதத்தில் ஒருமுறை வரும் தேடலுக்குச் சொடுக்குகள் சேர்வதில்லை.

பிரிவைத் தவிர, தேடியவரின் நோக்கத்தையும் இது ஊகிக்கிறது. தேடுபொறி ஆய்வாளர் ஆண்ட்ரே புரோடர் 2002 இல் வெளியிட்ட கட்டுரையில் தேடல்களை மூன்றாகப் பிரித்தார்: ஓரிடத்துக்குச் செல்ல, ஒன்றை அறிய, ஒரு காரியத்தை முடிக்க. ஆல்டாவிஸ்டா தேடுபொறியின் பதிவுகளில் அவர் கண்ட பங்குகள் முறையே ஏறத்தாழ 20, 48, 30 சதவீதம். இச்சேவையும் அதே மூன்றைத்தான் வைத்திருக்கிறது. 'கடை எத்தனை மணிக்குத் திறக்கும்' போன்ற கேள்விகளைப் பொருள்களோடு குழப்பாமல் ஒதுக்கித் தந்ததை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஆடிப்பிறப்புக்கு முந்திய நாள்களில் 'ஆடிக்கூழ்' என்ற தேடல் வரத் தொடங்கியபோது, அதை அறிவதற்கான தேடல் என்று முடிவுகட்டிப் பொருள் எதையும் காட்டாமல் விட்டுவிட்டது. செய்முறை அறிய விரும்புபவரும் அவர்களில் இருக்கலாம். ஆனால் பலசரக்குக் கடையின் பெட்டியில் அச்சொல்லை எழுதுபவருக்கு அரிசிமா, பயறு, பனங்கட்டி, தேங்காய் நான்கும் வேண்டும் என்பது கொழும்பில் எந்தத் தமிழ்க் கடைக்காரருக்கும் தெரியும்.

இங்கேதான் என் முதன்மையான குறை: இச்சேவை ஒரு தேடலுக்கு ஒரே பிரிவைத்தான் அனுமதிக்கிறது. தரவு அகழ்வுத் துறையினர் நடத்தும் கேடிடி கோப்பை என்ற போட்டியில், 2005 ஆம் ஆண்டில், 8 இலட்சம் தேடல்களை 67 பிரிவுகளில் இடச் சொன்னபோதே, ஒவ்வொன்றுக்கும் ஐந்து பிரிவுகள் வரை கொடுக்கலாம் என்று விதித்திருந்தார்கள். மதிப்பிட அமர்ந்த மூன்று மனிதர்களின் முடிவுகளே ஒன்றோடொன்று முழுமையாக ஒத்துப்போகவில்லை. அப்போட்டியில் வென்ற ஹொங்கொங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு, தேடலைத் தேடுபொறிகளிடம் கொடுத்து, கிடைத்த பக்கங்களிலிருந்து அதன் பொருளை விரித்துக்கொண்டது. அவ்வாறு விரித்திருந்தால் ஆடிக்கூழ் பனங்கட்டியிடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆங்கில எழுத்துகளில் எழுதப்படும் தமிழை இது ஓரளவு நன்றாகவே புரிந்துகொள்கிறது. யுனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து ஒட்டப்படுவதை மட்டும் அறவே புரிந்துகொள்ளாது. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த அந்தக் குவியலை யுனிகோடுக்கு மாற்றும் சிறு நிரலை நானே முன்னால் பொருத்தினேன்.

வாடிக்கையாளர் எழுதும் அனைத்தும் வெளிநாட்டுச் சேவையகத்துக்குப் போகிறது என்பதை வாங்குமுன் யோசியுங்கள். தேடற்பெட்டியில் தம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதுபவர்களை எங்கள் பதிவுகளில் கண்டேன். 2006 இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் ஏறத்தாழ 6,50,000 பாவனையாளர்களின் தேடல்களைப் பெயர் நீக்கி வெளியிட்டும், அவற்றைக் கொண்டே ஒருவரை அடையாளம் காண முடிந்தது. நம் நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆகவே எண்களை அழித்த பின்னரே தேடல்களை அனுப்புகிறேன்.

கட்டணம் டொலரில் அறவிடப்படுவதால், ரூபாவில் கணக்குப் பார்க்கும் சிறு கடைக்கு இது பாரமே. நாளாந்தத் தேடல்கள் குறைவாக உள்ள கடைக்கு, முக்கியமான சொற்களைக் கையால் எழுதிய ஒரு பட்டியலே போதும். எங்களைப் போல மும்மொழியிலும் தேடல்கள் வந்து குவியும் கடையென்றால், நாமே திருத்தங்களை ஏற்றும் வசதி எந்தக் கட்டணத் திட்டத்தில் அடங்குகிறது என்பதை முதலில் கேளுங்கள். மலிவான திட்டத்தில் அது கிடையாது என்பதை நாங்கள் பணம் கட்டிய பிறகுதான் அறிந்தோம். மேலதிகக் கட்டணம் செலுத்தி அதைப் பெற்ற அன்று மாலையே சப்பாத்து காலணிப் பிரிவுக்குப் போனது. மற்றச் சொற்களைக் களஞ்சியப் பொறுப்பாளர் ஒரு பயிற்சிக் கொப்பியில் எழுதித் தந்துகொண்டிருக்கிறார். இப்போது மூன்றாவது பக்கத்தில் நிற்கிறோம்.