மணல் வீட்டில் ரோபோ வக்யூம்: இரண்டு வருடப் பாவனைக்குப் பிறகு

போன ஞாயிறு அக்கரைப்பற்றிலிருந்து சிநேகிதி கோல் எடுத்தாள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில். சுகம் விசாரித்து முடிய முன்னமே, "வீடு கூட்டுற ரோபோ இப்ப விலை இறங்கிக் கிடக்காம். நீ வெச்சிருக்கிறாய்தானே, வாங்கவாகா?" என்றாள்.

ஐந்து கிழமையாகத் திருத்தக் கொடுத்துக் கிடந்த எங்கள் வீட்டு ரோபோ அதற்கு முதல் நாள்தான் திரும்பி வந்திருந்தது. அந்த எரிச்சலோடு "வாங்காத" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். அவளும் வேறு கதைக்குப் போய்விட்டாள். போனை வைத்த பிறகு மனம் கேட்கவில்லை. ஒரு சாமானை இரண்டு வருடம் நாளாந்தம் பாவித்தவள் இன்னும் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களிடம் இருப்பது தலையில் லேசர் சுழலும் வகை. 2023 மே மாதம் தம்பி கட்டாரிலிருந்து லீவில் வரும்போது அம்மாவுக்கென்று கொண்டுவந்தான். வரைபடம் கீறுவதிலோ வழி கண்டுபிடிப்பதிலோ எனக்கு ஒரு குறையும் இல்லை. 2002இல் வந்த முதல் ரூம்பா சுவரில் முட்டி முட்டித்தான் வழி தேடியது. எங்களுடையது முதல் நாளே மூன்று அறையையும் ஹோலையும் போனில் கீறிக் காட்டிவிட்டது. சாமியறை வாசலில் ஒரு தடைக்கோடு போட்டேன், இன்று வரை அதைத் தாண்டவில்லை. வைஃபை 2.4 கிகாஹேர்ட்ஸில் மட்டும்தான் பிடிக்கும், அதை ஒருதரம் சரிசெய்தால் காணும். இதெல்லாம் எல்லாரும் அறிந்த கதை. என் கதை மணல்.

மட்டக்களப்பில் எங்கள் கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவில் நீளமாகக் கிடக்கும் மணலில்தான் குடியிருக்கிறோம். முற்றம் மணல், ஒழுங்கை மணல், கோயில் வீதி மணல். மகன் பாடசாலையால் வந்து சப்பாத்தைக் கவிழ்த்தால் ஒரு கைப்பிடி மணல். வைகாசியில் கச்சான் காற்று எழும்பினால் ஆவணி மட்டும் ஓயாது. தென்மேல் பருவக்காற்று தன் மழையை எல்லாம் மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, மலையிறங்கி எங்களிடம் வரும்போது வெறும் வெக்கையாக வருகிறது. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் புழுதி. காலையில் கூட்டிய வீட்டில் பின்னேரம் வெறுங்காலோடு நடந்தால் உள்ளங்கால் நறநறக்கும்.

இந்த மணலை ரோபோ அள்ளும் என்றுதான் நினைத்தோம். முதல் கிழமை அள்ளியது போலவும் தெரிந்தது, குப்பைப் பெட்டியைக் கவிழ்த்தால் மணல் கொட்டியது. ஆனால் அது ஓடும்போது ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அலுமாரிக் காலிலும் கதிரைக் காலிலும் சுவர் ஓரத்திலும் டிக், டிக், டிக் என்று. குனிந்து பார்த்தபோதுதான் விளங்கியது. ரோபோவின் முன்பக்கத்து மூலையில் மூன்று கையோடு சுழலும் ஒரு சின்னப் பிறஷ் இருக்கிறதே, பக்கப் பிறஷ், அது மணலை உள்ளே தள்ளவில்லை. எறிகிறது.

அந்தப் பிறஷ் இருப்பது சுவரோரத்தில் கிடக்கும் தலைமயிர், நூல், பஞ்சு, பாண் தூள் போன்றவற்றை மெசினின் வாய்க்கு முன்னால் இழுத்துவிட. அவை பாரமில்லாதவை, தட்டினால் பக்கத்தில் விழும். மணல் அப்படியில்லை. அதே அளவு தண்ணீரை விட இரண்டரை மடங்குக்கு மேல் பாரம், உருண்டை வேறு. வழுவழுப்பான டைல்ஸில் பிறஷின் கை பட்டதும் குறுமணி சிதறிப் பறக்கிறது. கம்பளம் விரித்த வீடென்றால் மணி நாருக்குள் சிக்கி நிற்கும், பின்னால் வரும் நடு உருளை அடித்து எடுத்துவிடும். எங்கள் வீடுகளில் கம்பளம் ஏது? ஹோலின் நடுவில் கிடந்த மணல், ரோபோ ஓடி முடிந்த பிறகு நாலு சுவரோரமும் மெல்லிய கோடாகக் கிடக்கும். சில நாள் சத்தியமாக அழுகை வந்தது. வேலையால் வந்து, நடு ஹோல் பளிச்சென்று இருக்கிறதே என்று சந்தோசப்பட்டு, குசினிப் பக்கம் காலை வைத்தால் நறநற.

பெட்டியில் போட்டிருக்கும் பாஸ்கல் கணக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். எங்களுடையதில் 4000 என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. வாயை முழுக்க அடைத்துப் பிடித்தால் எவ்வளவு இழுவை வரும் என்பதுதான் அந்தக் கணக்கு. ஓடும்போது எவ்வளவு காற்று வாய்க்குள் போகிறது என்பதை அது சொல்லாது. மணலைத் தூக்கிக் கொண்டுபோக அந்தக் காற்றோட்டம்தான் வேண்டும். அதுவும் மணல் முதலில் வாய்க்குக் கிட்ட வந்தால்தானே. இழுவையைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன், எங்கள் மெசினில் பக்கப் பிறஷின் வேகம் மாறுவதே இல்லை. வாங்கப் போகிறவர்கள் பாஸ்கலை விட்டுவிட்டு, பக்கப் பிறஷின் வேகத்தைக் குறைக்கலாமா, நிற்பாட்டலாமா என்று கேளுங்கள். எனக்கு அப்படிக் கேட்கத் தெரியவில்லை.

ஆறு மாதம் கழித்து நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பக்கப் பிறஷைக் கழற்றிவிட்டு ஹோலில் ஓடவிட்டேன். ஓரம் எடுபடவில்லை, ஆனால் நடுவில் கிடந்த மணல் சிதறாமல் உள்ளே போனது. அதிலிருந்து கச்சான் காலத்தில் ஹோலுக்குப் பிறஷ் இல்லாமல், அறைகளுக்குப் பிறஷோடு. ஒரு ஆணிதான், அரை நிமிட வேலை. ஓரத்தை நான் தும்புத்தடியால் ஒருதரம் இழுத்துவிடுவேன்.

துடைக்கும் துணியை இரண்டாம் மாதமே கழற்றி வைத்துவிட்டேன். ஈரத்துணியில் மணல் ஒட்டிக்கொள்ளும், அதைத் தரை முழுக்க அரக்கிக்கொண்டு போகும். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், கண்ணாடியையே கீறக்கூடியது. டைல்ஸின் பளபளப்பை நானே கெடுக்க வேண்டுமா?

இனித் திருத்திய கதை. ஜூன் முடிவில் ஒரு நாள் பின்னேரம் அறைக்குள் கடகடவென்று சத்தம், பிறகு பக்கப் பிறஷ் சிக்கிவிட்டது என்று போனில் அறிவிப்பு. சுற்றியிருந்த மயிரை வெட்டி எடுத்தேன், தூசு தட்டினேன், சரிவரவில்லை. ரவுணில் ஒரு கடையில் கொடுத்தால், திறந்துகூடப் பார்க்காமல், "இதுக்கெல்லாம் இஞ்ச சாமான் இல்ல, இனி எறிய வேண்டியதுதான்" என்றார்கள். இரண்டு வருடம் ஓடிய மெசினை எறி என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? மறுகா போன் திருத்தும் தம்பி ஒருவர்தான் பொறுமையாகப் பிரித்துக் காட்டினார். மோட்டர் நல்லபடி இருந்தது. அதற்கும் பிறஷுக்கும் நடுவில் உள்ள சின்னப் பிளாஸ்ரிக் பல்லுச் சக்கரங்கள்தான் தேய்ந்து மொட்டையாகிக் கிடந்தன. அந்தச் சக்கரங்கள் இருக்கும் பெட்டிக்குள் மாவு போல மணல். தண்டு உள்ளே போகும் துவாரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பிளாஸ்ரிக்கை அரைத்து அரைத்து முடித்திருக்கிறது. மோட்டரும் சக்கரமும் சேர்ந்த உள்ளங்கை அளவு பெட்டி ஒன்றுக்கு ஒன்லைனில் ஓடர் போட்டு ஐந்து கிழமை காத்திருந்தோம். கூலியும் தபாலும் சேர்த்து 6,800 ரூபா. பணம் பெரிதில்லை. கடற்கரை ஊர்களில் மணல் இல்லாத வீடு எங்கே இருக்கிறது? இந்த மெசின்களை இங்கே விற்கிறவர்கள் அந்த ஒரு பெட்டியையாவது வாங்கி வைத்திருக்கக் கூடாதா? அதை நினைக்கத்தான் ஆத்திரம் வருகிறது.

ஆனால் அந்த ஐந்து கிழமையில்தான் இது எங்களுக்கு என்ன செய்து தந்திருக்கிறது என்பது விளங்கியது.

அம்மாவுக்கு 74 வயது. இரண்டு முழங்காலும் நோ, மூச்சு முட்டும் வருத்தமும் உண்டு. அவருடைய கட்டில் அப்பா காலத்துத் தேக்கு, இழுத்து நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். கட்டிலுக்கும் தரைக்கும் நடுவில் 11 சென்ரிமீற்றர், ரோபோவின் உயரம் 9.6. தம்பி அதை அளந்து கேட்டுத்தான் வாங்கினான். முன்பெல்லாம் தும்புத்தடியைக் கட்டிலுக்கு அடியில் விட்டு எட்டின மட்டும் இழுப்போம். தலைமாட்டுப் பக்கத்து மூலை வருசப்பிறப்புக்கும் தைப்பொங்கலுக்கும்தான் வெளிச்சம் காணும். ரோபோ அதற்குள் நாளாந்தம் போய்வந்தது. அங்கே மணல் குறைவு, பஞ்சும் தலையணைத் தூசும்தான், பக்கப் பிறஷ் செய்யப்பட்டதே அதற்காகத்தான். இந்த இடத்தில் அதைக் குறை சொல்ல என்னால் முடியாது. முதல் மாதம் பில்ரரைத் தட்டியபோது சாம்பல் போல உதிர்ந்ததைப் பார்த்து, இதற்கு மேலேயா அம்மா இத்தனை வருடமும் படுத்திருந்தார் என்று நெஞ்சு பதறியது.

மெசின் போய் இரண்டாம் கிழமை ஒரு விடியப்புறம் கண்முழித்தால் அம்மாவின் அறையில் விளக்கு. முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்து, கட்டிலுக்கு அடியில் விளக்குமாற்றை விட்டுக் கூட்டிக்கொண்டிருக்கிறார். "நீ வேலைக்குப் போற புள்ள, படு மகள்" என்கிறார். அந்தக் கிழமை இரவில் இரண்டு தரம் எழும்பி இருந்து இருமினார். தூசினால்தான் என்று டொக்டர் சொன்னதில்லை, கச்சானாலும் இருக்கலாம். அறைச்சுவருக்கு இங்கால படுத்திருந்து நான் கேட்டதைத்தான் சொல்கிறேன். திருத்திக் கொண்டுவந்த அன்று வாசலில் வைத்தே, "முதல்ல என்ட அறைக்குள்ள விடு" என்றார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு புகுந்ததாகச் சொல்லி நாடு முழுக்கக் கரண்ட் போன ஞாயிறு, ரோபோ பாதி வேலையில் இருந்தது. பற்றரி இருந்ததால் மிச்சத்தையும் கூட்டி முடித்தது. ஆனால் சார்ஜ் ஏறும் தட்டு அனுப்பும் ஒளிக்கதிர்களை வைத்துத்தான் அது சரியான இடத்தில் போய்ச் சேரும். தட்டுக்குக் கரண்ட் இல்லாமல் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. அப்படியான நேரத்தில் கையால் நிற்பாட்டி வைத்துவிடுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி தொடங்க முதல் தட்டின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மாரியில் ஈரமணல் உள்ளே போனால் பில்ரரில் களிபோல அப்பும், அந்த நாட்களில் தரை காய்ந்த பிறகே விடுவேன். முன்சில்லு இழுத்தால் கழன்று வரும். கிழமைக்கு ஒருதரம் அதைக் கழற்றி அச்சில் உள்ள மணலைத் துடைக்காவிட்டால் சில்லு இறுகி டைல்ஸில் கோடு விழும். பக்கப் பிறஷின் தண்டடியையும் இப்போது கிழமைக்கு ஒருதரம் பழைய பல்லுப் பிறஷால் தட்டுகிறேன். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் பல்லுச் சக்கரம் தப்பியிருக்கும்.

வாசலுக்கு அருகே ஒரு பைப் போட்டு, கால் கழுவி, துணியில் துடைத்துவிட்டு உள்ளே வர வைத்திருக்கிறேன். மகன் முணுமுணுக்கிறான், வரட்டும். தும்புக் கால்மிதியை விறாந்தையோடு நிறுத்திவிட்டேன், அதன் நார் நடு உருளையில் சுற்றும்.

இனி உனக்கு, அக்கரைப்பற்றுக்காரி. உன் வீட்டில் மணல் குறைவு. பக்கத்து வயலில் வெட்டு நடக்கும்போது வரும் பதர்த் தூசும் உமியும்தான் கூட, அதை இந்த மெசின் நன்றாக எடுக்கும். உன் பிள்ளைக்கும் தும்மல் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் என்னை விட உனக்குத்தான் இது பொருந்தும். ஆனால் உன் பழைய வீட்டில் அறைக்கு அறை நிலைப்படி. இது ஏறுவது இரண்டு சென்ரிமீற்றர் மட்டும்தான், எங்கள் குசினி வாசலுக்கே தச்சரைப் பிடித்துச் சரிவுப் பலகை அடித்தோம். உன் ஹோலின் சிவப்புச் சீமெந்தில் ஓரமாகக் கறுப்புப் பட்டை ஓடுகிறதே, அது ஞாபகம் இருக்கிறது. அடியில் உள்ள சென்சர் கறுப்பைப் பள்ளம் என்று நினைத்துத் திரும்பிவிடக்கூடும். சென்சரை ரேப்பால் மூடச் சொல்லி யாரும் சொன்னால் கேட்காதே, உன் விறாந்தையில் மூன்று படி இருக்கிறது.

எங்களுடையதை நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன். அம்மா விடவும்மாட்டார். ஆனாலும் இண்டைக்குக் கேட்டால் என் பதில் அதேதான்: வாங்காத. ஐந்து கிழமை அம்மா தரையில் இருந்து கூட்டியதை நான் இன்னும் மறக்கவில்லை. விற்கிற ஆளிடம், பக்கப் பிறஷின் மோட்டர்ப் பெட்டி மேலதிகமாக ஒன்று இப்பவே கையில் தருவாயா என்று கேள். தருவேன் என்றால், நிலைப்படியை அளந்து வைத்துக்கொண்டு எனக்குத் திரும்ப ஒரு கோல் எடு.