மும்பையில் காதுக் குறும்பி எடுக்க: யாரிடம் காதைக் கொடுக்கலாம்?

மழை பிடித்துவிட்டால் மாட்டுங்கா, செம்பூர், தாராவிப் பக்கத்து காது மூக்கு தொண்டை கிளினிக்குகளில் அடிக்கடி காதில் விழும் புகார் இது: "தலைக்குக் குளிச்சேன் டாக்டர், பொட்டுனு அடைச்சுக்கிச்சு." ஏற்கெனவே காதுக் குழாயை முக்கால்வாசி அடைத்திருந்த குறும்பி தண்ணீரில் ஊறிப் பெருத்துவிட்டது, அவ்வளவுதான். அதை எடுத்துவிட இந்த ஊரில் பல கைகள் உண்டு. எங்கள் அளவுகோல் ஒன்றே. கருவியை உள்ளே விடும் முன்பும், விட்டிருக்கும்போதும், செய்பவரின் கண்ணுக்குக் காதின் உள்பக்கம் தெரிகிறதா?

குறும்பி அழுக்கு அல்ல, தோலுக்குக் காவல். பெரியவர்களின் காதுக் குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். குறும்பி சுரப்பது வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் மட்டும். குழாயின் தோல் செவிப்பறையிலிருந்து வெளியே நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால் பெரும்பாலான காதுகள் தம்மைத் தாமே சுத்தம் செய்துகொள்கின்றன. செவிப்பறையை ஒட்டிக் குறும்பி கல்லாகக் கிடந்தால், பெரும்பாலும் பட்ஸோ ஹேர்பின்னோ தள்ளிக்கொண்டு போய் வைத்ததுதான்.

எங்கள் முதல் தேர்வு மைக்ரோஸ்கோப் வைத்து சக்‌ஷன் செய்யும் கிளினிக். மருத்துவர் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துக் குழாயை நேராக்குவார். மெல்லிய உலோகக் குழாய் குறும்பியை மட்டும் தொட்டு உறிஞ்சும். இரண்டு கண்ணாலும் பார்ப்பதால் ஆழம் தெரியும். தண்ணீர் சேராததால் செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்களுக்கும் ஏற்றது. குறை என்றால் சத்தம். காதுக்குள்ளேயே இரைகிற மாதிரி இருக்கும். உறிஞ்சும் காற்றின் குளிர்ச்சியில் சில நொடி தலை சுற்றலாம். கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவார்கள். தலையை மட்டும் ஆட்டக் கூடாது. கருவி படும்போது சிலருக்கு இருமல் வரும். காதுக்கும் தொண்டைக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதுதான் காரணம்.

குறும்பி கல்லாக இருந்தால் நல்ல மருத்துவர் அன்றைக்குக் கை வைக்காமல் சொட்டு மருந்து எழுதித் திருப்பி அனுப்புவார். அரை நாள் லீவு போட்டு லோக்கலில் இடிபட்டு வந்தவருக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அதுதான் சரி. உள்பக்கத்தில் எலும்பின் மேல் மிக மெல்லிய தோல்தான். காய்ந்ததைப் பெயர்த்தால் வலியும் ரத்தமும் வரும். பாட்டிலை உள்ளங்கையில் சிறிது நேரம் வைத்திருந்துவிட்டு, ஒருக்களித்துப் படுத்து, எழுதிக் கொடுத்த அளவு (பொதுவாக இரண்டு மூன்று சொட்டு) விட்டு ஐந்து நிமிடம் அப்படியே இருங்கள். நாலைந்து நாள் போதும். இடையில் அடைப்பு கூடினால் பயப்பட வேண்டாம், குறும்பி ஊறுகிறது. காதில் சீழ் வந்ததுண்டு, ஓட்டை உண்டு என்றால் மருத்துவர் பார்க்காமல் ஒரு சொட்டும் விடாதீர்கள், தேங்காய் எண்ணெய் உட்பட.

சிரிஞ்சில் தண்ணீர் பீய்ச்சுவது இரண்டாம் இடம். தண்ணீர் உடல் சூட்டில், 37 டிகிரியில் இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் தலை சுற்றி வாந்தி வரும். பீய்ச்சுவது செவிப்பறையை நோக்கி அல்ல, குழாயின் மேல் பின்சுவரை நோக்கி. சர்க்கரை நோய் உண்டா, காதில் ஆபரேஷன் நடந்ததா என்று கேட்காமல் சிரிஞ்சை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். முடிந்ததும் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். மும்பை ஜூலையின் புழுக்கத்தில் ஈரக் காது காளானுக்கு விருந்து.

கேஇஎம், சயான், நாயர் மருத்துவமனைகளின் ஓபிடியும் நம்பத் தக்கவை. காலையிலேயே கேஸ் பேப்பர் என்ற பதிவுச் சீட்டை எடுத்து வரிசையில் நிற்கும் பொறுமை வேண்டும்.

சிவப்புத் தலைப்பாகையும் பஞ்சு சுற்றிய ஊசியுமாக வரும் காது குடைபவர்களின் கைப்பழக்கத்தைக் குறை சொல்ல மாட்டோம். பலருக்கு அது பரம்பரைத் தொழில். ஆனாலும் பரிந்துரைக்க முடியாது. தெரு வெளிச்சத்தில் செவிப்பறை தெரியாது; ஒருவர் காதில் போன கருவி அடுத்தவர் காதுக்கும் போகிறது. ஆன்லைனில் விற்கும் கேமரா கரண்டியில் கேமரா பரவாயில்லை, கரண்டிதான் வினை. போன் திரையில் ஆழம் தெரியாது. பக்கத்தில் குழந்தை முழங்கையைத் தட்டினால் போதும். காதில் செருகி மறுமுனையைக் கொளுத்தும் காது மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம்: எரிந்த பின் உள்ளே தெரிவது அந்த மெழுகே, உங்கள் குறும்பி இல்லை.

எங்கே எடுத்தாலும் எழுந்திருக்கும் முன் "செவிப்பறை முழுசாத் தெரியுதா டாக்டர்?" என்று கேளுங்கள். குறும்பி போயும் கேட்காவிட்டால் அன்றே கேட்புத் திறன் பரிசோதனை கேளுங்கள். ஒரு காது திடீரென்று மந்தமாகி உள்ளே குறும்பியே இல்லை என்றால் அது நரம்புப் பிரச்சினையாக இருக்கலாம். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாட்களுக்குள்ளேயே தொடங்க வேண்டும்.