மணிக்கட்டுக்கு எம்ஆர்ஐயா, அசையும் சிடியா?

மன்னார்குடிப் பக்கம் நடவு நாளில் வரப்பு வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார் சித்தப்பா. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. ஆனால் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்தால் மணிக்கட்டுக்குள் ‘டொக்’.

இந்த மாதிரி வலிக்கு வழக்கமாக எழுதித் தருவது எம்ஆர்ஐ. ஜவ்வுக் கிழிசல், எக்ஸ்ரேயில் தப்பிய ஸ்கேஃபாய்டு (கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டு எலும்பு) விரிசல் எல்லாம் அதில் தெரியும். கதிர்வீச்சும் இல்லை. ஆனால் கையை ஆட்டாமல் வைத்திருக்க வேண்டும். அசையும்போது மட்டும் வரும் கோளாறு அந்தப் படத்தில் ஒளிந்துகொள்ளலாம்.

அசையும் சிடி ஸ்கேன், அதாவது நான்கு பரிமாண சிடி, அங்கேதான் கைகொடுக்கிறது. (கைக்கே கை!) கையைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்க்கச் சாய்க்க, எட்டு குட்டி எலும்புகளும் நகர்வதைத் தொடர்ந்து படமெடுக்கும். ஸ்கேஃபாய்டையும் அதன் பக்கத்து எலும்பான லூனேட்டையும் பிணைக்கும் ஜவ்வு அறுந்திருந்தால், முஷ்டியை இறுக்கும்போது நடுவில் இடைவெளி விரியும். 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். ஜவ்வு மட்டும் இதில் சரியாகத் தெரியாது. கதிர்வீச்சும் கொஞ்சம் உண்டு. அப்புறம், இதற்கான ஸ்கேனர் எல்லா ஊரிலும் இருக்காது.

என் ஓட்டு முதலில் எம்ஆர்ஐக்கு. அதில் ஒன்றும் அகப்படாமல் ‘டொக்’ தொடர்ந்தால் சிடி. சரி, இரண்டுக்கும் முன்னால் முஷ்டி பிடித்தபடி ஒரு எக்ஸ்ரே எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், செலவு குறைவு.