பினாங்கு நேராட்சியா, கோலாலம்பூர் ‘ஆலோசனை’யா?

அப்பா வழித் தாத்தா பினாங்கில் பிறந்தவர். அம்மா வழித் தாத்தா கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்காரர், ரயில்வே கிராணி (குமாஸ்தா). தீபாவளிக்கு ஒன்றுகூடினால் பினாங்குத் தாத்தா சீண்டுவார்: “நான் பிரிட்டிஷ் பிரஜை. நீங்க வெறும் பாதுகாப்பில் இருக்கறவர்தானே, சம்பந்தி?”

சட்டப்படி அவர் சொன்னது சரி. பினாங்கு பிரிட்டிஷ் மண்; அங்கே பிறந்தவர் மன்னரின் பிரஜை. கோலாலம்பூர் இருந்த சிலாங்கூரோ கடைசிவரை சுல்தானின் நாடு. பிரிட்டன் அதன் பாதுகாவலர் மட்டும் என்று பெயர். ஆட்சி நடத்தியது ஒரே கைதான்.

பினாங்கில் முதலில் அதிகாரம் வந்தது, சட்டம் பிறகுதான் வந்தது. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் கொடி ஏற்றினார். 1791 உடன்படிக்கையில் தீவுக்காகக் கெடா சுல்தானுக்கு வருடம் 6,000 ஸ்பானிய டாலர். 1800இல் எதிர்க்கரை செபராங் பிறையும் சேர, அது 10,000 ஆனது. ஒழுங்கான நீதிமன்றத்துக்கு அரச சாசனம் கிடைக்க 1807 ஆயிற்று. அதற்கு இரண்டு வருடம் முன்பே, கல்கத்தா, மதராஸ், பம்பாய்க்குச் சமமாக இந்தக் குட்டித் தீவை நான்காவது மாகாணமாக்கிவிட்டார்கள்! கவர்னர், செயலாளர், உதவிச் செயலாளர் என்று பட்டாளமே வந்தது. வரவு எட்டணா, செலவு பத்தணா. 1826இல் மலாக்கா, சிங்கப்பூரோடு சேர்த்தார்கள். 1830இல் மாகாண அந்தஸ்தே போனது. 1832இல் தலைநகரும் சிங்கப்பூருக்குப் போனது.

சிலாங்கூரில் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. 1874 பங்கோர் உடன்படிக்கை பேராக்குக்காக எழுதப்பட்டது. அதே ஏற்பாடு சிலாங்கூருக்கும் வந்தது. மதமும் மலாய் வழக்கமும் நீங்கலாக எல்லாவற்றிலும் சுல்தான் ரெசிடென்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரியின் ஆலோசனையைக் கேட்டே ஆகவேண்டும், கேட்டபடி நடந்தே ஆகவேண்டும். (இப்படிப்பட்ட ஆலோசனையை எங்கள் வீட்டில் பாட்டி மட்டும்தான் சொல்வார்.) பேராக்கின் முதல் ரெசிடென்ட் பர்ச் அவசரப்பட்டு 1875இல் கொலையுண்டார். சிலாங்கூரில் கொஞ்சம் பதமாகப் போனார்கள். 1877இல் அமைத்த மாநில மன்றத்தில் சீனக் கப்பித்தான் (சீனர்களின் தலைவர்) யாப் ஆ லோயும் உட்கார்ந்தார். 1880இல் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. 1886இல் கிள்ளான் ரயிலும் வந்துவிட்டது. ஈய வரி வருமானம் இருக்கக் கவலை ஏது? 1896இல் நான்கு மாநிலக் கூட்டமைப்புக்கும் கோலாலம்பூரே தலைநகர்.

நாணயமான ஏற்பாடு எது என்றால் பினாங்கு என்பேன். ‘இது எங்கள் ஊர், நாங்கள் ஆள்கிறோம்’ என்று சொல்லிவிட்டுத்தான் ஆண்டார்கள். சிக்கனத்தில் கோலாலம்பூர்தான், சந்தேகமே இல்லை. வாக்குரிமையில் பெரிய வித்தியாசம் இல்லை: மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தல் 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் நடந்தது, கோலாலம்பூரில் 1952 பிப்ரவரியில்.

நில விஷயத்தில் மட்டும் கோலாலம்பூர்தான் எனக்குப் பிடிக்கும். தென் ஆஸ்திரேலியாவில் பிறந்த டாரன்ஸ் முறை 1890களிலேயே சிலாங்கூருக்கு வந்தது: பதிவேட்டில் யார் பெயரோ, அவருக்கே நிலம். பினாங்கிலோ 1960கள்வரை ஆங்கிலேயப் பாணிப் பத்திரங்கள். ஒன்றை நம்ப அதற்கு முந்தையதைப் பார்க்கவேண்டும், அதற்கும் முந்தையதைத் தேடவேண்டும்.

மெர்டேக்காவுக்கு (சுதந்திரத்துக்கு) மறு வருடம் பினாங்குத் தாத்தா வீட்டை விற்கப்போனார். வக்கீல் பழைய பத்திரங்களைக் கோத்து முடிக்கவே மாதக்கணக்காயிற்று. அந்தத் தீபாவளிக்குக் கோலாலம்பூர்த் தாத்தா தன் வீட்டுக் கிராண்டை (நில உரிமைப் பத்திரத்தை) எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரே ஒரு தாள்.

“பிரஜைக்குக் காபி கொடும்மா,” என்றார்.