35 எம்எம் எஃப் 1.8: டெல்டா ரயில் நிலையங்களில் இரவுப் படங்கள்

தஞ்சாவூர் – மயிலாடுதுறை பாதையில் சில வருடங்களாக இரவு ரயில்களைப் படமெடுத்து வருகிறேன். ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய சென்சார் கேமரா, அதில் பெரும்பாலும் 35 எம்எம் எஃப் 1.8 பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது) மட்டும்தான். பகலுக்குக் கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸே போதும். பொழுது சாய்ந்த பிறகுதான் இதன் அருமை தெரிகிறது.

எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும். கிட் லென்ஸை 35 எம்எம்-இல் வைத்தால் ஏறக்குறைய எஃப் 4.5 வரைதான் திறக்கும். எஃப் 1.8 அதைப்போல ஆறு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. அதே ஐஎஸ்ஓவில் (ஒளி உணர்திறன், ஏற்றினால் படத்தில் புள்ளிகள் கூடும்) 1/40 நொடி ஷட்டர் வேகத்துக்குப் பதில் 1/250 கிடைத்துவிடும். மணிக்கு 30 கிலோமீட்டரில் பிளாட்பாரத்துக்குள் நுழையும் ரயில் 1/40 நொடிக்குள் 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. 1/250 என்றால் 3 சென்டிமீட்டர் சொச்சம். என்ஜின் முகப்பில் உள்ள எண்ணைப் படத்தில் படிக்க முடியுமா என்பது இதைப் பொறுத்ததுதான். லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இல்லையே என்று சிலர் தயங்குகிறார்கள். அது நம் கை ஆட்டத்தைத்தான் சமாளிக்கும், ரயிலின் ஓட்டத்தை ஒன்றும் செய்யாது.

பின்னணி மங்குவதற்காகவே பலரும் இதை வாங்குகிறார்கள். எனக்கு ரயில் படத்தில் அது பெரிய விஷயமில்லை. பத்து மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் எஃப் 1.8-இல் சுமார் எட்டு மீட்டரிலிருந்து பதினான்கு மீட்டர் வரை தெளிவாக வரும். டபிள்யூஏபி-7 என்ற மின்சார என்ஜினின் நீளமே இருபது மீட்டர். ஆகவே முகப்பு பளிச்சென்று இருக்கும், முதல் பெட்டி கலங்கிப்போகும். தவிர, முழுதாகத் திறந்தால் ஹெட்லைட்டைச் சுற்றியும் மேலே போகும் மின்கம்பிகளின் ஓரத்திலும் ஊதா நிறக் கசிவு தெரிகிறது. எஃப் 2.2-க்கு வந்தால் அது நன்றாகக் குறைகிறது. என் படங்களில் பெரும்பாலானவை 2.2-இல் எடுத்தவைதான். யூவி ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். ஹெட்லைட்டின் எதிரொளி பச்சைப் புள்ளியாகப் படத்தில் மிதக்கும்.

ஹெட்லைட் நேராக வரும்போது ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். வண்டி வருவதற்கு முன்பே என்ஜின் கடக்கப்போகும் இடத்தில் இருக்கும் கம்பத்தில் ஃபோகஸ் வைத்து, மேனுவலுக்கு மாற்றிவிடுகிறேன். வெளிச்சக் கணக்கும் மேனுவல்தான். இல்லாவிட்டால் ஹெட்லைட்டைப் பார்த்துக் கேமரா படம் முழுவதையும் இருட்டடித்துவிடும்.

இந்த லென்ஸ் எனக்கு உண்மையில் கொடுத்தது நின்றிருக்கும் ரயிலின் படங்கள். கும்பகோணத்தில் இரவு உழவன் எக்ஸ்பிரஸ் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் வழியனுப்ப வந்த குடும்பமே ஜன்னலோரம் கூடிவிடும். “போனதும் போன் பண்ணு” என்று நாலு பேர் ஒரே நேரத்தில் சொல்வார்கள். ஜன்னல் கம்பிக்கு உள்ளே ஒரு முகம், பெட்டி விளக்கின் மங்கிய வெளிச்சம், வெளியே நீளும் கைகள். ஃப்ளாஷ் அடித்தால் எல்லாம் கலைந்துவிடும், லோகோ பைலட்டின் கண்ணுக்கும் அது ஆகாது. கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ 10000 கேட்கும் இந்தக் காட்சி இதில் 1600-இலேயே வந்துவிடுகிறது. தோலின் நிறம் கெடுவதில்லை. அப்புறம், அவர்களிடம் கேட்டுவிட்டே எடுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள்.

இங்கே ஷட்டரை 1/100-இல் வைப்பது நல்லது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. அதைவிட வேகமாகப் போனால் சில எல்இடி விளக்குகளின் கீழே படத்தில் பட்டை பட்டையாக இருள் விழும்.

இதனால் ஆகாததும் உண்டு. நிற்காமல் 110 கிலோமீட்டரில் போகும் வண்டி 1/500 நொடியிலேயே 6 சென்டிமீட்டர் நகர்கிறது. நள்ளிரவில் வயல் நடுவே அதை உறைய வைக்க எஃப் 1.8 போதாது. அந்தி முடிந்து வானம் நீலமாக இருக்கும் கால் மணி நேரத்தில் எடுக்கலாம். மார்கழி, தை மாதங்களில் பனி இறங்கும் விடியற்காலையும் அருமை. ஹெட்லைட் கற்றை அப்படியே கண்ணுக்குத் தெரியும். எதுவானாலும் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவில் அத்துமீறலுக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. அதைவிட, மின்சார ரயில் பக்கத்தில் வரும்வரை சத்தமே கேட்காது.

35-ஆ 50-ஆ என்று கேட்டால், ஏபிஎஸ்-சி கேமராவுக்கு 35 என்பேன். சென்சார் சிறியது என்பதால் 50 அதில் 75 எம்எம் போல நெருக்கமாகிவிடும், குறுகிய பிளாட்பாரத்தில் பின்னால் போக இடமிருக்காது. ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமரா வைத்திருப்பவர்கள் 50 வாங்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டாவின் ஈரம் லென்ஸுக்குள் பூஞ்சையைக் கொண்டுவந்துவிடும். நாகப்பட்டினம் பக்கம் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், ஜெல்லை அடிக்கடி மாற்றுங்கள். பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி ஏதாவது தெரிந்தால் வாங்க வேண்டாம்.