பழைய ட்ராவலர் கேம்பர் வேனுக்கு ஸ்டெப்னி எங்க மாட்டறது? பாண்டிச்சேரி மேட்டுப்பாளையம் பட்டறை ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், வெல்டிங் வேலை அருமை, குடுத்த காசுக்கு வஞ்சனை இல்ல, ஆனா பெயின்ட் விஷயத்துல மட்டும் அவங்க சொல்றத நம்பிட்டு வந்துடாதீங்க.

வண்டி 2009 மாடல் டெம்போ ட்ராவலர். சீட்டெல்லாம் கழட்டி பெட்டு, சின்ன கிச்சன், தண்ணி டேங்க்னு கேம்பரா மாத்தி ஆர்சிலயும் ஏத்தியாச்சு. கம்பெனி வெச்ச எடம்னு பாத்தா பின்னாடி சேசிஸ்க்கு அடியிலதான் ஸ்டெப்னி தொங்கும், அந்த எடத்த இப்ப அழுக்குத்தண்ணி டேங்க் புடிச்சிக்கிச்சு. டேங்க் இல்லனாலும் கடலோரத்துல இருக்கறவங்களுக்கு அது சரியான எடம் இல்லங்க. உப்புக்காத்து போதாதுன்னு 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மாதிரி ஒண்ணு வந்து தெருவே குளமானா அடியில இருக்கற செயினும் ஸ்க்ரூவும் துரு ஏறி இறுகிடும், அது பஞ்சர் ஆகற அன்னிக்குத்தான் நமக்குத் தெரியும், அதுவும் மரக்காணம் தாண்டி ராத்திரில மணல்ல படுத்துக்கிட்டு சுத்தியலால தட்டும்போது.

மேல கேரியர்ல போட்டுடலாமேன்னு நெறைய பேர் சொல்றாங்க. ரிம்மோட சேத்து 25 கிலோவுக்கு மேல வரும், அத தலைக்கு மேல தூக்கி எறக்க ரெண்டு ஆளு வேணும், வெயிட்டு மேல போனா வளைவுல வண்டி சாயறதும் ஜாஸ்தி, வெயில்ல ரப்பர் வேற வெடிப்பு விடும். பெட்டுக்கு அடியில வெச்சா பாதி ஸ்டோரேஜ் காலி, தூங்கற எடத்துல ரப்பர் நாத்தம், பெல்ட் போட்டு கட்டாம விட்டா சடன் பிரேக்ல அது நம்ம முதுகுக்கு வரும்.

முன்னாடி மாட்டறது? பழைய ஃபோக்ஸ்வேகன் வேனுங்கள்ல மூக்குலயே ஸ்டெப்னிய மாட்டி வெச்சிருப்பாங்க, பாக்க அழகா இருக்கும். ஆனா அந்த வண்டிக்கு இன்ஜின் பின்னாடி, நமக்கு ரேடியேட்டர் முன்னாடி, காத்த மறைச்சா சித்திரை வெயில்ல டெம்பரேச்சர் முள்ளு எங்க போகும்னு சொல்லணுமா. அதுக்குன்னு முன்னாடி கம்பி கட்டுனா 2017 டிசம்பர்ல புல் பார் கூடாதுன்னு மத்திய அரசு சொன்னதுல இருந்து அதுக்கு வேற ஃபைன் போடுவாங்க.

ஆக மிச்சம் பின்பக்கம்தான். கடலூர்ல ஒரு எடத்துல விசாரிச்சப்போ "கதவுலயே நாலு போல்ட் போட்டுடலாம் சார், ஒரு மணி நேர வேலை"ன்னாங்க. மேட்டுப்பாளையம் டிரக் டெர்மினல் பக்கம் லாரி பாடி வேலை பாக்கற ஒரு பட்டறைல (போர்டு கூட கிடையாது) அதையே கேட்டேன், மேஸ்திரி கதவ ரெண்டு தடவ ஆட்டிப் பாத்துட்டு "வண்டிக்கு வயசாயிடுச்சு, இந்தக் கதவால ஸ்டெப்னியத் தாங்க முடியாது தம்பி, கீல் கிழிச்சிட்டு வந்துடும், வெயிட்டு சேசிஸ்லதான் நிக்கணும்"னாரு. எனக்கு அங்கயே அவர் மேல நம்பிக்கை வந்துடுச்சு.

பண்ணது இதான். சேசிஸ் ரெண்டு நுனியையும் சேத்து ஒரு குறுக்கு பாக்ஸ் பைப், அதோட ஒரு மூலைல இருந்து கேட்டு மாதிரி தெறக்கற ஒரு இரும்புக் கை, அந்தக் கையில வீல். மொதல்ல கைய வெளிய தள்ளணும், அப்புறம் கதவத் தெறக்கலாம், கதவு மேல ஒரு கிலோ கூட ஏறாது. சேசிஸ்ல வெல்டிங்கே வைக்கல, சூடு பட்டா அந்த எடம் பலவீனமாயிடும்னு எல்லாம் 8.8 கிரேடு (பலம் ஜாஸ்தியான) போல்ட்டுதான். கை சுத்தற எடத்துல சும்மா பைப்ப சொருகாம டேப்பர் பேரிங் போட்டு கிரீஸ் நிப்பிள் வெச்சாரு. மூடும்போது கையோட நுனி ஒரு ரப்பர் கட்டை மேல ஏறி உக்காந்து லாக் ஆவுது, இது இல்லனா மொத்த வெயிட்டும் பேரிங்லயே தொங்கிட்டு ஆடிட்டே இருக்கும், ஆன்லைன்ல விக்கற ரெடிமேட் கேரியர் பலதுல இதத்தான் விட்டுடறாங்க. வீல் இடுப்பு உயரத்துல நிக்குது, வண்டியோட வீல் நட்டே இதுக்கும், அதே ஸ்பேனர் போதும், திருட்டு பயத்துக்கு ஒரு நட்டு மட்டும் லாக் நட்டு. நம்பர் பிளேட் மறையும், அதனால பிளேட்டையும் அதோட லைட்டையும் கைக்கு மாத்தச் சொல்லிடுங்க, கேக்கலனா பண்ண மாட்டாங்க. மொத்தம் 18,500 ஆச்சு, பேரிங் இதுல அடக்கம்.

இப்ப குறை. சொன்ன தேதிக்குத் தரல, அது பட்டறைன்னா அப்படித்தான். அரியாங்குப்பம், தவளக்குப்பம் ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி எறங்குனதும் கடகடன்னு சத்தம், திரும்பப் போனதுக்கு ரப்பர் கட்டைய கனமா மாத்திக் குடுத்தாங்க, காசு வாங்கல. பெயின்ட்தான் மோசம். துரு தாங்கற எபாக்ஸி பிரைமர்னு பேசிட்டு சாதா ரெட் ஆக்சைடு பிரைமர் அடிச்சு மேல கருப்பு ஸ்ப்ரே, அவ்ளோதான், ஒரு மழைக்காலம் தாங்கல, வெல்டிங் ஜாயின்ட்ல எல்லாம் காவிக்கலர்ல ஒழுகுது. அத சுரண்டி ஜிங்க் பிரைமர் அடிச்சு எபாக்ஸி ஏத்துனது தனி செலவு. நீங்க போனா பெயின்ட் இல்லாம வெறும் இரும்பா வாங்கிட்டு பவுடர் கோட்டிங்க்கு வேற எடத்துல குடுங்க, பாக்ஸ் பைப்போட வாய மூடச் சொல்லுங்க, அடியில தண்ணி வடிய ஒரு ஓட்டையும் போடச் சொல்லுங்க.

2020ல ஸ்டெப்னியே வேணாம்னு ரூல் வந்துச்சேன்னு கேப்பீங்க. அது ட்யூப்லெஸ் டயர், பிரஷர் காட்டற சென்சார், பஞ்சர் கிட் மூணும் இருக்கற சின்ன பேசஞ்சர் வண்டிக்கு. நம்ம வண்டில அந்த சென்சாருக்கு எங்க போறது.

மாட்டும்போது வால்வு வெளிப்பக்கம் பாக்கற மாதிரி மாட்டுங்க, காத்து செக் பண்ண கழட்ட வேண்டியதில்ல. டயர் ஓரத்துல இருக்கற நாலு நம்பர்ல கடைசி ரெண்டு நம்பர் டயர் தயாரான வருஷம், மொத ரெண்டு நம்பர் அந்த வருஷத்துல எத்தனாவது வாரம்னு காட்டும், ஓடாத டயரும் கெடும், அதனால அதையும் பாத்துக்கோங்க. ஒரு கேன்வாஸ் கவர் போடுங்க. பட்டறைக்குப் போறப்ப உங்க ஸ்டெப்னிய கையோட எடுத்துட்டுப் போங்க, போல்ட் அளவ அத வெச்சுதான் எடுப்பாங்க.